கைப்பேசிச் செயலிப் பாடத்துக்கு ரெக்கார்டு நோட்டு எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடிவு வந்து கல்லூரிச் சேர்க்கை நடக்கும் நேரம். கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் எந்தப் பதாகையைப் பார்த்தாலும் பி.சி.ஏ., எம்.சி.ஏ., கூடவே ‘மொபைல் ஆப் டெவலப்மென்ட்’ என்று போட்டிருக்கிறார்கள். எங்கள் தெருவில் பிள்ளையைச் சேர்க்கப்போகிறவர்கள் என்னிடம் கேட்பதும் அதைத்தான்: “ஆப் செய்யச் சொல்லித் தருவாங்களாம்மா?” நான் மஞ்சக்குப்பத்தில் குடியிருப்பவள். ஒரு கல்லூரியின் கணினிப் பயன்பாட்டியல் துறையில் கௌரவ விரிவுரையாளர். அந்தப் பாடத்தையும் அதன் லாப் வகுப்பையும் நடத்துகிறவள். வாசலில் நின்று இரண்டு வார்த்தையில் பதில் சொல்ல முடியாததால் உங்கள் நாளிதழுக்கு எழுதுகிறேன்.

பாடத்தில் குறையில்லை. மதிப்பெண் போடும் முறையில்தான் குறை. மாணவர் செய்த செயலி வெளியார் ஒருவருடைய கைப்பேசியில் ஏறி, அவர் அதைச் சில வாரமாவது அன்றாட வேலைக்குப் பயன்படுத்தினாரா என்று பார்த்து மதிப்பெண் தர வேண்டும். இப்போது ரெக்கார்டு நோட்டைப் பார்த்துத் தருகிறோம்.

கல்லூரிப் பக்கம் வராதவர்களுக்காக ரெக்கார்டு நோட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கத்தில் நோக்கம், செய்முறைப் படிகள், அப்புறம் ப்ரோகிராம் முழுவதையும் கையால் எழுத வேண்டும். எதிர்ப்பக்கத்தில் திரையில் வந்ததை அச்செடுத்து ஒட்ட வேண்டும். திரையில் ஒரு பொத்தான் வைக்கவே, திரையின் அமைப்பை எழுதும் எக்ஸ்.எம்.எல். மொழியில் பத்து வரி வரும். செயலி எழுதும் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ தானாகவே எழுதித் தரும் வரிகளைக்கூட, ஓர் அடைப்புக்குறி விடாமல், பிள்ளைகள் ராத்திரி கண்விழித்து எழுதுகிறார்கள். ஒரு மாணவி எடுத்த ஸ்கிரீன்ஷாட்டையே வகுப்பு முழுவதும் அச்செடுத்து ஒட்டுவதும் உண்டு. எல்லா நோட்டிலும் திரை மேலே மணியும் பேட்டரி அளவும் ஒன்றாகவே இருக்கும். தேர்வு நாளில் எக்ஸ்டர்னல், அதாவது வெளித் தேர்வாளர், வருவார், சீட்டு எடுக்கச் சொல்வார். கால்குலேட்டர் வந்தால் கால்குலேட்டர். மனப்பாடமாக வைத்திருந்ததைத் தட்டி ‘அவுட்புட்’ காட்டினால் முடிந்தது. அந்தச் செயலியை அதற்கப்புறம் யாரும் திறப்பதில்லை, செய்தவர் உட்பட.

இதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று இருக்கிறது. என்னோடு படித்தவர்கள் வேலை பார்க்கும் தனியார் கல்லூரிகள் பலவற்றில் மாணவர்கள் வளாகத்துக்குள் கைப்பேசி கொண்டுவரக் கூடாது. வாசலில் பையைச் சோதிக்கிறார்கள், பிடிபட்டால் பெற்றோரை அழைத்துவரச் சொல்கிறார்கள். கைப்பேசிச் செயலிப் பாடமும் அதே வளாகத்தில்தான் நடக்கிறது. கையில் கைப்பேசி இல்லாததால் கணினிக்குள்ளேயே ஒரு போலிக் கைப்பேசியைத் திறக்க வேண்டும். அதற்குத்தான் எமுலேட்டர் என்று பெயர். ஸ்டுடியோ மட்டும் ஓட 8 ஜி.பி. நினைவகம், எமுலேட்டரும் சேர்ந்து ஓட 16 ஜி.பி. வேண்டும் என்பது கூகுளே சொல்லும் கணக்கு. 4 ஜி.பி. கணினியில் அதைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தால் லாப் நேரத்தில் பாதி போய்விடும். புது ப்ராஜெக்டைத் திறந்ததும் கிரேடில் என்ற பகுதி இணையத்திலிருந்து ஏராளமான கோப்புகளை இறக்கும். லாபில் உள்ள எல்லாக் கணினிகளும் ஒரே நேரத்தில் இறக்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இத்தனைக்கும் தீர்வு மாணவியின் வீட்டிலேயே இருக்கிறது. பத்தாயிரம் ரூபாய்க் கைப்பேசி ஒன்று போதும். செட்டிங்ஸில் ‘பில்டு நம்பர்’ என்ற இடத்தை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் யூ.எஸ்.பி. டீபக்கிங்கை இயக்கிவிட்டு கேபிளைச் செருகினால், எழுதிய செயலி நேராகக் கைப்பேசிக்கு வந்துவிடும். எமுலேட்டர் சுமை கணினியை விட்டு இறங்கிவிடும். தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி தருவதாக அறிவித்தது. அது எல்லாருக்கும் கிடைத்தால் லாப் கணினிக்காகக் காத்திருக்கும் நிலையும் குறையும். கைப்பேசியை உள்ளே விட்டால் ரீல்ஸ் பார்ப்பார்கள் என்பது நிர்வாகங்களின் பயம். அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அதற்காக, வாசலில் வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டு, லாப் நேரத்துக்கு மட்டும் எடுத்துக் கொடுத்துத் திரும்ப வாங்கி வைக்கக்கூடவா முடியாது?

பயிற்சிப் பட்டியலும் பழையது. பல பாடத்திட்டங்களில் இன்னும் எழுத்தின் அளவும் நிறமும் மாற்றுவது, கால்குலேட்டர், அலாரம், எஸ்.டி. கார்டில் எழுதுவது, குறுஞ்செய்தி வந்தால் எச்சரிப்பது என்ற வரிசைதான். கூகுள் 2017-லேயே கோட்லின் என்ற ப்ரோகிராம் மொழியை ஆண்ட்ராய்டுக்கு ஏற்றுக்கொண்டது, 2019-ல் ஆண்ட்ராய்டில் இனி அதற்கே முதலிடம் என்று அறிவித்தது. திரையை வடிவமைக்கும் ஜெட்பேக் கம்போஸ் 2021-ல் வந்தது. பின்னணி வேலைகளுக்கு நாங்கள் நடத்தும் அசிங்க்டாஸ்க், 2020-ல் வெளியான ஆண்ட்ராய்டு 11-லேயே ‘இனி வேண்டாம்’ என்று ஒதுக்கப்பட்டுவிட்டது. குறுஞ்செய்தியைப் படிக்கும் அனுமதியை 2019 முதல் பிளே ஸ்டோர் கண்ட செயலிக்கும் தருவதில்லை. ஆக, நாங்கள் நோட்டில் சரி போட்டுக் கையெழுத்திடும் அந்தப் பயிற்சியை அப்படியே ஸ்டோருக்கு அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கோட்லினுக்கு முந்தைய மொழியான ஜாவாவைப் படித்தது வீண் என்று சொல்ல வரவில்லை. அது இன்னும் ஓடுகிறது, அடிப்படை தெரிந்தவருக்குக் கோட்லின் சீக்கிரம் பிடிபடும். ஆனால் ஆண்ட்ராய்டு ஆண்டுக்கொரு பதிப்பு வருகிறது, பாடத்திட்டமோ சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் மாறுகிறது. கருவியின் பெயரைப் பாடத்திட்டத்தில் துரத்திக்கொண்டே இருந்தால் எந்தக் காலத்திலும் எட்டிப் பிடிக்க முடியாது. இன்னொருவர் கைக்குப் போகும் செயலியைச் செய்யச் சொன்னால், இன்றைக்கு எது தேவையோ அதை மாணவரே தேடி எடுத்துக்கொள்வார்.

இறுதியாண்டு ப்ராஜெக்ட் பற்றியும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். அது விலைக்குக் கிடைக்கிறது. தலைப்பு, சுருக்கம், ப்ரோகிராம், பைண்டிங் போட்ட ரிப்போர்ட், பி.பி.டி., வைவா என்ற வாய்மொழித் தேர்வில் எந்தக் கேள்விக்கு என்ன சொல்ல வேண்டும் என்ற தாள் என எல்லாமே ஒரே கட்டில். ரத்த தானச் செயலி, மருத்துவமனை மேலாண்மை, ஆன்லைனில் சாப்பாடு என்று அதே தலைப்புகள் வருடா வருடம் வருகின்றன. ஆயிரக்கணக்கில் கொடுப்பது பெரும்பாலும் கூலி வேலைக்குப் போகும் அப்பா அம்மா. இப்போது சாட்ஜிபிடி அந்த ப்ரோகிராமை இலவசமாகவே எழுதித் தந்துவிடுகிறது. அதை நான் குற்றமாக நினைக்கவில்லை. வேலைக்குப் போனாலும் அதைப் பயன்படுத்தத்தான் போகிறார்கள். ஆனால் ப்ரோகிராம் கையில் இருக்கிறதா என்று பார்த்து ஒரு மாணவரை எடைபோட இனி முடியாது. வேலைக்கு எடுப்பவர்களும் அதைக் கேட்பதில்லை. “உன் ஆப் பிளே ஸ்டோரில் இருக்கா, எத்தனை பேர் பயன்படுத்தறாங்க?” என்றுதான் நேர்காணலில் கேட்கிறார்கள் என்று படித்து முடித்துப் போன பிள்ளைகள் வந்து சொல்கிறார்கள்.

என் மாணவிகள் மூன்று பேர் சேர்ந்து செய்ததைச் சொன்னால் நான் கேட்பது என்னவென்று புரியும். அவர்களில் ஒருத்தியின் அம்மா, கடலூர் துறைமுகத்தில் ஏலத்தில் மீன் எடுத்து முதுநகரிலும் திருப்பாதிரிப்புலியூரிலும் வாடிக்கை வீடுகளுக்கும் சில சாப்பாட்டுக் கடைகளுக்கும் கொடுக்கிறவர். பாதிக்கு மேல் பாக்கிதான். கணக்கெல்லாம் இடுப்பில் செருகிய சின்ன நோட்டில். மீன் தண்ணீர் பட்டு எழுத்து கலைந்துபோவதும், வாடிக்கைக்காரரோடு தகராறு வருவதும் வழக்கம். அந்தப் பாக்கிக் கணக்கை எழுத ஒரு செயலி என்று மூவரும் தொடங்கினார்கள்.

முதலில் கொண்டுவந்ததைத் திறந்தால் லாகின் பக்கம் நின்றது. மின்னஞ்சல், கடவுச்சொல். புத்தகத்தில் எல்லா எடுத்துக்காட்டும் அப்படித்தான் தொடங்குகிறது. அந்த அம்மாவின் கைப்பேசியில் ஜிமெயில் கணக்கு இருக்கிறது, வாங்கிய கடையில் போட்டுக் கொடுத்தது. முகவரியும் தெரியாது, கடவுச்சொல்லும் தெரியாது. அந்தக் கைப்பேசியைத் தொடுவதே அவர் ஒருவர்தான், எதற்கு லாகின்? எடுத்துவிட்டார்கள்.

அடுத்தது ஈரக்கை. ஐஸையும் மீனையும் தொட்ட விரல் தொடுதிரைக்குச் சரிப்படாது. திரையில் நிற்கும் நீர்த்துளியையும் அது விரல் என்றே எடுத்துக்கொள்ளும். 500 என்று போடப் போனால் 5500 விழுந்தது. எண்பலகையைத் தூக்கிவிட்டு 50, 100, 500 என்று மூன்றே மூன்று பெரிய பொத்தான்களை வைத்தார்கள். தட்டத் தட்டத் தொகை கூடும். தட்டி முடித்ததும் பெயரையும் தொகையையும் கைப்பேசி தமிழில் வாய்விட்டுச் சொல்லும், தப்பென்றால் அழித்துக்கொள்ளலாம். எழுத்தைப் படித்துக் காட்டும் வசதி ஆண்ட்ராய்டில் தமிழுக்கும் இருக்கிறது. நாம் பேசினால் அது எழுதிக்கொள்ளும் வசதியையும் போட்டுப் பார்த்தார்கள். ஏலக் கூச்சலில் எடுபடவில்லை, விட்டுவிட்டார்கள்.

பெயருக்குப் பத்து எழுத்து என்று எல்லை வைத்திருந்தார்கள். விஜயலட்சுமி என்ற வாடிக்கைக்காரர் பெயர் ‘விஜயலட்சும’ என்று நின்றது. கண்ணால் எண்ணினால் ஏழே எழுத்து. கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் புள்ளிக்கும் உயிர்க்குறிக்கும் தனித்தனி இடம் என்பதால் அது 11 குறியீடு. பத்தில் வெட்டியதும் கடைசி இகரக் குறி போய்விட்டது. ஆங்கிலப் பெயர்களையே வைத்து எழுதிய பாடநூலில் இந்தச் சிக்கல் தலைகாட்ட வழியே இல்லை.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் நான் எல்லா வகுப்பிலும் சொல்கிறேன். ‘ஆக்டிவிட்டி லைஃப்சைக்கிள்’ என்று ஒரு பாடம் உண்டு. செயலியின் ஒரு பக்கம் திறப்பதிலிருந்து அழிவது வரை கடக்கும் நிலைகள் அதில் வரும். ஆன்கிரியேட், ஆன்ஸ்டார்ட், ஆன்ரெஸ்யூம், ஆன்பாஸ், ஆன்ஸ்டாப், ஆன்டெஸ்ட்ராய் என்று கட்டம் கட்டி அம்புக்குறி போட்டால் பத்து மதிப்பெண். எல்லாரும் போட்டுவிடுவார்கள். அந்த அம்மா காலையில் கொடுத்த சரக்கையெல்லாம் வரிசையாகத் தட்டிக்கொண்டு வந்தபோது யாரோ கூப்பிட, கைப்பேசியைச் சாய்த்துப் பிடித்துத் திரும்பினார். திரையும் குறுக்கே திரும்பியது. அதுவரை தட்டிய பட்டியல் முழுவதும் காணாமல் போனது. திரை திரும்பினால் ஆண்ட்ராய்டு அந்தப் பக்கத்தை அழித்துவிட்டுப் புதிதாகக் கட்டும், நினைவகத்தில் மட்டும் வைத்திருந்தது அதோடு போய்விடும். ஆன்டெஸ்ட்ராய்க்குப் பிறகு ஏன் மறுபடி ஆன்கிரியேட் வருகிறது என்பது மூவருக்கும் அன்றைக்கு விளங்கியது, அம்மாவிடம் வாங்கிய திட்டோடு. அதன் பிறகு தட்டுகிற ஒவ்வொரு தொகையையும் அந்தக் கணமே ரூம் என்ற தரவுத்தள வசதியில், கைப்பேசிக்குள்ளேயே சேமிக்கும்படி மாற்றினார்கள். இணையம் இல்லாத இடத்திலும் இப்போது கணக்கு நிற்கிறது. இரண்டு செமஸ்டர் பாடத்தில் தரவுத்தளம், லைஃப்சைக்கிள், பயனர் இடைமுகம் என்று தனித்தனி அலகாக நடத்துவது அத்தனையும் ஒரு பாக்கிக் கணக்குக்குள் வந்துவிட்டது.

இந்தக் கரையில் இது புதிய யோசனையும் இல்லை. 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படை இணையதளத்தில் வரும் அலை உயர முன்னறிவிப்பை எடுத்து, ஒலிபெருக்கியில் தமிழில் அறிவித்தார்கள். படிக்கத் தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரும் கடற்கரையில் நின்று கேட்டார்கள். பின்னால் அதே நிறுவனம் மீனவர்களுக்காக பிஷர் பிரெண்ட் செயலியையும் கொண்டுவந்தது. கடலுக்குப் போகிறவருக்கு இன்றைக்கு என்ன தெரிய வேண்டும் என்ற கேள்வியிலிருந்து தொடங்கியவை இரண்டும். எங்கள் வகுப்பில் தேவனாம்பட்டினத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள், பண்ருட்டி முந்திரி உடைக்கும் வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள், நெல்லிக்குப்பம் கரும்புக்காரர் வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். கேள்வி அவரவர் வீட்டிலேயே இருக்கும்போது ரத்த தானச் செயலியை ஏன் விலைக்கு வாங்க வேண்டும்?

சக ஆசிரியர்கள் சொல்லும் தடைகளையும் சொல்லிவிட வேண்டும். அறுபது பேர் வகுப்பில் அறுபது பயனரை எங்கே தேடுவது என்கிறார்கள். மூன்று பேருக்கு ஒருவர் என்றால் இருபது பேர்தான். எக்ஸ்டர்னல் எப்படிச் சரிபார்ப்பார்? பதிவான தேதிகள் செயலிக்குள்ளேயே இருக்கும். எந்தெந்த நாளில் எத்தனை பதிவு என்று மட்டும் காட்டச் சொல்லலாம், யார் எவ்வளவு பாக்கி என்பது தேர்வாளருக்கு வேண்டாத விஷயம். சந்தேகம் வந்தால் பயன்படுத்தியவரையே கூப்பிட்டு இரண்டு நிமிடம் பேசலாம். பெண் பிள்ளைகளைத் துறைமுகத்துக்கும் சந்தைக்கும் அனுப்பப் பெற்றோர் தயங்குவார்கள் என்கிறார்கள். உண்மைதான். வீட்டுக்குள்ளேயே பாட்டியின் மாத்திரை வேளை இருக்கிறது, அப்பாவின் ஆட்டோ தவணை இருக்கிறது. எங்கே போக வேண்டும் என்பதைப் பிள்ளையும் வீட்டாரும் முடிவு செய்யட்டும். படகுக்காரர்களோடு உட்கார்ந்து பேச விரும்புகிறவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் இருக்கிறது. கல்லூரிக்கும் ஏறக்குறைய அப்போதுதான் விடுமுறை.

ஐபோன் செயலி சொல்லித் தருவீர்களா என்றும் சிலர் கேட்கிறார்கள். அதற்கு மேக் கணினி வேண்டும், ஆப் ஸ்டோரில் வெளியிட ஆப்பிளுக்கு ஆண்டுக்கு 99 டாலர் கட்ட வேண்டும். எங்கள் பிள்ளைகள் கற்றுக்கொள்ள ஆண்ட்ராய்டு போதும்.

பாடத்திட்டக் குழுக்களில் இருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: செயலிப் பாடத்துக்கு மட்டுமாவது ரெக்கார்டு நோட்டை எடுத்துவிடுங்கள். அதற்கான மதிப்பெண்ணைப் பயன்பாட்டில் இருக்கும் செயலிக்குத் திருப்புங்கள். பல்கலைக்கழகம் மாற்றும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இன்டர்னல் மதிப்பெண் துறையின் கையில்தான் இருக்கிறது, இந்த செமஸ்டரிலேயே தொடங்கலாம். கல்லூரி நிர்வாகங்கள் லாபுக்குள் கைப்பேசியை அனுமதிக்க வேண்டும், பிளே ஸ்டோரில் கல்லூரி பெயரில் ஒரு நிறுவனக் கணக்குத் தொடங்க வேண்டும். கட்டணம் ஒரே ஒரு முறை 25 டாலர். ஒரு ஆண்டு விழா மேடை அலங்காரத்துக்கு ஆவதைவிடக் குறைவு.

அந்தக் கணக்கு ஏன் வேண்டும் என்றால், மாணவர் செய்த செயலியை வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. கோப்பாக, அதாவது ஸ்டோர் இல்லாமல் நேராக நிறுவும் கோப்பாக, அனுப்பி யாரையும் நிறுவச் சொல்லக் கூடாது. கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்ற பெயரில் வரும் ஏ.பி.கே.யைத் தொட்டுப் பணத்தை இழந்தவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பழக்கத்தைக் கல்லூரியே வளர்க்க வேண்டாம். வீட்டார் கைப்பேசி என்றால் மகளே கேபிளில் ஏற்றிக் கொடுத்துவிடலாம். வெளியாருக்கு பிளே ஸ்டோர்தான் சரியான வழி. ஆனால் 2023 நவம்பர் மாதம் 13-ம் தேதிக்குப் பின் தொடங்கிய தனிநபர் கணக்கு என்றால், செயலியை எல்லாருக்கும் வெளியிடும் முன் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில் சேர்ந்திருக்க வேண்டும் என்பது விதி. நிறுவனக் கணக்குக்கு அந்த நிபந்தனை இல்லை.

கல்லூரிகள் கணக்குத் தொடங்கும்வரை பிள்ளைகளுக்கு அந்தப் பன்னிரண்டு பேர் தேவை. வகுப்புத் தோழர்களையே சேர்த்துக் கணக்குக் காட்டுவது சுலபம், ஆனால் அவர்களுக்கு எழுத ஒரு பாக்கியும் இல்லை. கடலூரிலும் புதுச்சேரியிலும் மீன், பூ, பால், காய்கறி விற்கிறவர்கள், சீட்டுக் கணக்கு வைத்திருப்பவர்கள், தையல் ஆர்டர் எடுப்பவர்கள் இதைப் படித்தால், அல்லது வீட்டில் யாராவது படித்துக் காட்டினால், பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் வந்து கேட்கும்போது சேர்ந்துகொள்ளுங்கள். முதலில் கல்லூரி அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். ஓ.டி.பி.யோ வங்கி விவரமோ கேட்டால் கொடுக்காதீர்கள், அவை எதுவும் இதற்குத் தேவையில்லை. எழுத்து சின்னதாக இருந்தாலும், கணக்கு தப்பாக வந்தாலும், பிள்ளைகள் மனசு நோகுமே என்று பார்க்காமல் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
கணினிப் பயன்பாட்டியல் கௌரவ விரிவுரையாளர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.